நீல நூல் கட்டின முருகைகள்

பேனை தேடி மேசை லாச்சிக்குள் கை விட்டேன்; உமது நீல நைலோன் நூல்கண்டு வந்தது. அடங்கிக் கிடந்த கோபம் திரும்பவும் கிளம்பிவிட்டது. நீர் போய் இரண்டு வருடமாகிறது. செத்தவரோடு சண்டை பிடிக்கக் கூடாது என்கிறாள் என் மனைவி. பிடிக்காமல் இருக்க முடியவில்லை.

எண்பத்தாறில் நயினாதீவுக் கரையோரம் உயிருள்ள முருகைக்கல், அதாவது பவளப்பாறைத் துண்டுகள் நாற்பது நட்டோம். இருபதைப் பாறையில் கட்டினோம், இருபதைச் சீமெந்துக் கல்லில். எல்லாம் பச்சை நூலால். விலங்கியல் வாத்தியார் நீர், நடுவதும் பராமரிப்பதும் உமது வேலை. கணித வாத்தியார் நான், மாதம் ஒருமுறை எண்ணி அளப்பது என் வேலை. சுண்ணாம்புச் சூளைக்காக உடைத்து உடைத்து வெறுமையாகிப்போன இடம் அது. எந்த முறையில் நட்டால் தப்பும் என்று கணக்கோடு காட்டினால், உடைப்பதை நிறுத்த வழி பார்க்கிறேன் என்று கடற்றொழில் கந்தோர் அதிகாரி ஒருவர் சொல்லியிருந்தார்.

ஒரு வருடம் முழுக்க நாற்பதும் உயிரோடிருந்தன. சில துண்டுகள் போன மாதத்தைவிடக் குட்டையாக இருந்தன. நான் அளக்கிற என் அடிமட்டத்தைத்தான் சந்தேகப்பட்டேன், உம்மை அல்ல.

கடைசி அளவைக்கு மூழ்கியபோதுதான் நீல முடிச்சுகளைக் கண்டேன். வள்ளத்தில் ஏறியதும் கேட்டேன்.

"செத்ததுக்குப் பதிலா வேற வைச்சனீரோ?"

"ஓம், வைச்சனான். பச்சை நூல் முடிஞ்சுது, நீலம் வாங்கினனான். செத்த இடத்தை அப்பிடியே விடுறதோ? எங்கட ஐயா தோட்டத்திலை ஒரு குழியும் வெறுமையா விட்டதில்லை."

"எத்தினை வைச்சனீர்?"

"அதை ஆர் எண்ணினது?"

மடத்துவெளிப் புகையிலைத் தோட்டக்காரர் மகன் நீர். கன்று பட்டால் அன்றைக்கே மறுகன்று வைத்து வளர்ந்தவர். கடலுக்குள்ளும் அதையே செய்து என் கணக்குக் கொப்பி முழுவதையும் பொய்யாக்கிவிட்டீர். பாறையா, சீமெந்தா என்று சொல்ல ஒரு இலக்கமும் மிஞ்சவில்லை. அதிகாரிக்கு உண்மையை எழுதினேன், பதில் வரவில்லை. சூளை புகைந்துகொண்டே இருந்தது. திரும்பத் தொடங்குவோம் என்றீர். அதற்குள் நாட்டில் சண்டை பெருத்து, கடலில் இறங்க ஏலாமல் போயிற்று. பிறகு உமக்குச் செங்கமாரி வந்து, கண்ணெல்லாம் மஞ்சளாகிப் போய்விட்டீர்.

போன மாதம் பள்ளிக்கூடத்துக்குப் புதிய விலங்கியல் வாத்தியார் வந்தார். ஆசிரியர் அறையில் உமது கதிரையைக் காட்டி, "இதிலை ஒருத்தரும் இல்லைத்தானே, சேர்?" என்று கேட்டார். நல்ல மனிதர். நான் எழும்பி அடுத்த அறையிலிருந்து வேறொரு கதிரை தூக்கிவந்து போட்டேன்.

நீர் பார்த்தால் என்னை ஏசுவீர், தெரியும். ஏசும். அந்தக் குழியை நிரப்ப எனக்கு ஏலாது.