கண்ணாடிப் பெட்டிக்குள் பரீனா

காத்தான்குடி,
1938 யூலை 9

பிரியமுள்ள தோழி மார்கிறட்டுக்கு ஸகியா எழுதுவது. இறைவன் அருளால் வீட்டில் எல்லோருக்கும் உடம்பு சுகம். மனதின் சுகத்தைக் கீழே எழுதுகிறேன்.

பதுளையிலிருந்து நீங்கள் அனுப்பிய படங்கள் கிடைத்தன. பனி மூடிய பாதை, ஆசுபத்திரி வாசலில் உட்கார ஆளில்லாத வாங்கு, ஜன்னலோரத்துத் தேநீர்க் கேத்தல், கொடியில் காயும் சால்வை. அங்கே வெளிச்சம் எவ்வளவு பதமாக விழுகிறது! இங்கே கச்சான் காற்றும் வெயிலும் சேர்ந்து எல்லாவற்றையும் வெளுத்துத் தள்ளுகின்றன. ஆனால் ஒரு குறை சொல்ல வேண்டும், கோபிக்கக் கூடாது. ஒரு படத்திலும் ஆள் இல்லை. எங்கள் வேலிக்கு அடுத்த வீட்டில் நீங்கள் இருந்த காலத்தில், கோழியைப் படம் பிடித்தாலும் பக்கத்தில் ஒரு பிள்ளையை நிறுத்துவீர்களே. பதுளையில் மனிதர்களே இல்லையா?

வெயிலைத் தோளுக்குப் பின்னால் வைக்கச் சொல்லி எழுதியிருந்தீர்கள். அப்படி வைத்தால் எல்லோரும் கண்ணைச் சுருக்குகிறார்கள். பக்கவாட்டில் வைத்தால் பாதி முகம் கறுத்துப்போகிறது. கடைசியில் தறியிலிருந்து இறக்கிய வெள்ளைத் துணி ஒன்றை எதிரே கொடியில் விரித்துப் போட்டேன். வெயில் அதில் பட்டுத் திரும்பி, கறுத்த பக்கத்தையும் மெல்லத் தொட்டது. நீங்களும் செய்து பாருங்கள்.

அந்த வெளிச்சத்தில்தான் தங்கை பரீனாவைப் பிடித்தேன். முழுகிவிட்டு முடியை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தாள். ஆட்டுக்குட்டி வந்து முந்தானையைக் கடித்து இழுக்க, வாய்விட்டுச் சிரித்தாள். கமராவின் விசையை அமுக்கிவிட்டேன்.

வினை அங்கேதான் தொடங்கியது. நான் எடுக்கும் பிலிமை உங்களைத் தவிர வேறு யாரும் கழுவிப் படமாக்குவதில்லை என்ற ஒரே காரணத்துக்காகத்தான் நீங்கள் விட்டுப்போன பழைய கமராவை உம்மா இந்த வீட்டில் வைத்திருக்க விட்டார். இந்தத் தடவை பிலிமைத் தபாலில் போட என் கணவர் றவூப் மட்டக்களப்புக்குப் போனபோது தபால் கந்தோர் பூட்டியிருந்ததாம். படங்களைச் சீக்கிரம் கொண்டுவந்து காட்டினால் நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்து, அங்கே பசாரில் இருக்கும் ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்துவிட்டார். படங்களும் வந்தன. நான் சந்தோஷப்பட்டதும் உண்மைதான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் பட்டணத்திலிருந்து வந்து, சோற்றைத் தொடாமல் இருந்தார். பிறகு என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டு, "நம்மட பரீனா கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இரிக்கிறா" என்றார். கடைக்காரன் தனக்கென்று ஒரு பிரதி போட்டு, தெருவைப் பார்த்து மாட்டியிருக்கிறான்! அன்று கடை பூட்டு. மறுநாள் தன் கடையை ஆளிடம் ஒப்படைத்துவிட்டு அவர் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. படம் இல்லை. முழுக்க மூடிய முஸ்லிம் பெண் ஒருத்தி வந்து விலைக்கு வாங்கிப் போனதாகக் கடைக்காரன் சொன்னான். யார் என்று அவனுக்குத் தெரியவில்லை.

பரீனாவுக்கு ஏறாவூரில் சாலிஹ் என்ற மாப்பிள்ளையைப் பேசி முடித்திருக்கிறோம். முடியை விரித்துச் சிரிக்கும் அவளுடைய படம் யாருடைய கையில் இருக்கிறதோ, யாருடைய வாயில் என்ன கதையாகிறதோ என்று உம்மா படுத்தே கிடக்கிறார். "உசிருள்ளதப் படமாக்கினா, மறுமையில அதுக்கு உசிரக் குடு எண்டு கேப்பாங்க. அண்டைக்கே சொன்னன், கேட்டியா?" என்று என்னை ஏசினார். கமராவைப் பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். படங்களையும் பிலிமையும் எரிக்கச் சொல்கிறார். றவூப் என் முகத்தைப் பார்க்கப் பயந்து, தன் கடையே கதியென்று இருக்கிறார்.

உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். பட்டணத்துக் கடைக்காரன் எத்தனையோ படங்களை விட்டுவிட்டு என் படத்தை மாட்டினானே என்று, இத்தனை அழுகைக்கு நடுவிலும் மனதின் ஒரு மூலையில் சிறு பெருமை. இப்படிப்பட்டவள் நான். எனக்காக ஆண்டவனைக் கேளுங்கள்.

உங்கள்
ஸகியா


பதுளை,
1938 யூலை 20

அன்பு ஸகியாவுக்கு, கர்த்தருடைய கிருபை உங்கள் வீட்டின்மேல் இருப்பதாக.

உங்கள் கடிதச் செய்தியைக் கணவர் ஜெயராஜா மருந்துச் சாலையிலிருந்து வந்ததும் அவருக்கும் சொன்னேன். றவூப் அவர்களைக் கோபிக்க வேண்டாம் என்று உங்களிடம் சொல்லச் சொன்னார். ஆசையில் செய்தது. அந்தப் பெருமைக்காகவும் வெட்கப்படாதீர்கள். எனக்கு என்றால் ஊரைக் கூட்டியிருப்பேன்.

வெள்ளைத் துணி யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. கொஞ்சம் தள்ளிக் கட்டினால் இன்னும் மென்மையாக இருக்கும் என்று நினைக்கிறேன். கச்சான் வீசும்போது துணியின் அடியில் கல் வைத்துக் கட்டுங்கள்.

படங்களில் ஏன் ஆள் இல்லை என்று கேட்டீர்கள். சொல்லாமல் இருந்தது உங்களுக்குக் கவலை தரக்கூடாது என்றுதான். மே மாதம் எனக்குப் பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை. நாள் ஆகுமுன் வந்துவிட்டாள். விடியும்வரைதான் இருந்தாள். ஜெயராஜா அழுதுகொண்டே கமராவைக் கையில் எடுத்தார். ஒரு படமாவது எடுத்து வைப்போம் என்றார். வேண்டாம் என்று கத்திவிட்டேன். இப்போது அவளுடைய முகம் நினைவில் நிற்கமாட்டேன் என்கிறது, ஸகியா. நெற்றி வருகிறது, வாய் வரவில்லை. வாய் வந்தால் நெற்றி போய்விடுகிறது.

அதற்குப் பிறகு ஒரு மனிதரையும் கமராவுக்குள் பார்க்க முடியவில்லை. அனுப்பிய படங்களைக் கழுவியதும் நானல்ல, ஜெயராஜாதான். சிவப்புக் கடதாசி சுற்றிய விளக்கும் தட்டங்களும் படம் கழுவும் இருட்டறையில் அப்படியே இருக்கின்றன. உள்ளே போக மனமில்லை. தண்ணீருக்குள் ஒரு முகம் மெல்ல மெல்ல எழும்பி வருமே, அதைப் பார்க்கத் தைரியம் இல்லை.

ஆகவே பிலிமை மட்டும் எரிக்கவேண்டாம் என்று உம்மாவிடம் நான் கெஞ்சிக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவர் சொல்வதன் நியாயம் அவருக்கு. ஆனால் ஒரு பிள்ளையின் சிரிப்பு எரிந்து போகவேண்டாம். பரீனாவுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.

உங்கள்
மார்கிறட்


காத்தான்குடி,
1938 ஓகஸ்ட் 14

என் மார்கிறட்டுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு என்ன எழுதுவதென்று தெரியாமல் நாட்களைப் போக்கினேன். கிட்ட இருந்திருந்தால் வேலியைத் தாண்டி வந்து பேசாமல் பக்கத்தில் இருந்திருப்பேன். கடிதத்தில் பேசாமல் இருக்க வழியில்லையே. அதனால் நடந்ததை எல்லாம் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முந்தியே உம்மா சொன்னது நடந்துவிட்டது. பிலிமும் வீட்டிலிருந்த படங்களும் அடுப்புக்குள் போய்விட்டன. மன்னியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் வாசலில் கூடார வண்டி ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் மாப்பிள்ளையின் மூத்த சகோதரி கைறுன்னிஸா. பெண் பார்க்க வந்த அன்றே எங்களுடைய பாய், பீங்கான், பலகாரம் எல்லாவற்றிலும் குறை கண்டவர். கலியாணப் பேச்சை முறிக்கத்தான் வருகிறார் என்று உம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். அவரோ வெற்றிலைத் தட்டை ஒதுக்கிவிட்டு, மடியிலிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளே பரீனா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பசாருக்குள்ள போனன். கடைக்காரன் எனக்கு வரப்போற மதினிய ஊருக்குக் காட்டிக்கிட்டிரிக்கான். வாங்கிட்டு வந்திட்டன். ஒரு ஆம்பிளைக்கும் சொல்லல்ல" என்றார்.

ஏன் இத்தனை நாள் என்று நான் கேட்டேன். வண்டி கிடைக்கவில்லை, யாரிடமும் கொடுத்தனுப்பவும் மனமில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பொறகு, படத்தப் பாத்துக்கிட்டும் இரிந்தன். இப்பிடி ஒரு சிரிப்ப எங்கட வீட்டுல கண்டு எத்தின காலம்" என்றார். அவரை எவ்வளவு தப்பாக நினைத்திருந்தோம்!

தம்பிக்கு இதைக் காட்டட்டுமா, வேண்டாமா என்று பரீனாவையே கேட்டார். கதவுக்குப் பின்னால் நின்றவள் வெளியே வந்து படத்தை வாங்கி, நெடுநேரம் பார்த்தாள். "காட்டுங்க மதினி. சிரிக்கிற புள்ள வேணாம் எண்டா இப்பவே சொல்லட்டும்" என்றாள். உம்மா வாயில் கை வைத்தார். கைறுன்னிஸா படத்தைத் திரும்ப மடியில் செருகிக்கொண்டு போனார்.

நேற்று பதில் வந்தது. படத்தைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: "அந்த ஆட்டுக்குட்டி இன்னும் இரிக்கா?" நோன்புப் பெருநாள் கழிந்து கலியாணம். படத்தை அவர் திருப்பித் தரவில்லை. இருப்பது அந்த ஒன்றுதான் என்பதால் அதைத் திருப்பிக் கேட்க எனக்கும் மனம் வரவில்லை. றவூப் இப்போது வீட்டில் சாப்பிடுகிறார்.

இதற்குப் பிறகும் உம்மா பெட்டகத்தைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. இன்று காலையில் தொழுது முடித்து அவர் பாயில் இருக்கும்போது, உங்கள் பிள்ளையைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். நெற்றி வந்தால் வாய் வரவில்லை என்ற இடத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். கேட்டு முடித்ததும், "மனிசர்ட முகம் பாக்காம அந்த மார்கிறட் புள்ள எத்தின நாளைக்கு இரிக்கப் போகுது?" என்றார்.

எழும்பிப் போய்ப் பெட்டகத்தைத் திறந்தார். கமராவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "என்னப் படம் புடி. அவளுக்கு அனுப்பு. மறுமையில கேட்டா நான் பதில் சொல்லிக்கிறன்."

உங்களுக்குத் தெரியுமே, கமராவை நாம் தூக்கினாலே அறைக்குள் ஓடிப்போகிறவர். இன்று கிணற்றடியில் கதிரை போட்டு, கசப்பு மருந்து குடிக்கப் போகிறவர் மாதிரி நிமிர்ந்து இருந்தார். வெள்ளைத் துணியை நீங்கள் சொன்னபடி கொஞ்சம் தள்ளிக் கட்டி, அடியில் கல் வைத்தேன். சுவரில் சாய்ந்து, மூச்சை அடக்கி, ஒரே ஒரு படம்தான் எடுத்தேன். இன்னொன்று கேட்கத் துணிவில்லை.

பிலிமை இத்துடன் அனுப்புகிறேன். றவூப் தபால் கந்தோர் திறக்கும்வரை வாசலிலேயே காத்திருப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறார். இதைப் பசார்க் கடையில் கழுவ முடியாது. ஜெயராஜா அவர்களும் கழுவ வேண்டாம். எங்கள் உம்மாவின் முகம் உங்களை நம்பி வருகிறது, மார்கிறட். விளக்கை நீங்கள்தான் ஏற்ற வேண்டும். மெதுவாகச் செய்யுங்கள், அவசரமில்லை. நெற்றியும் கண்ணும் தெளிவாக வந்து வாய் மட்டும் கலங்கியிருந்தால், என் கை அசைந்ததால் என்று நினைக்காதீர்கள். நான் அமுக்கும் நேரத்தில் உம்மா கமராவைப் பார்த்து, "சாப்பிடுறியா மகள்?" என்று உங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

உங்கள் பதிலுக்காக இந்த வீட்டில் எல்லோரும் இறைவனிடம் துஆக் கேட்கிறோம்.

என்றும் உங்கள்
ஸகியா