பூஜையில் வைத்த கம்ப்யூட்டர்

உன் மகளின் லேப்டாப்புக்காக வாங்கிய எஸ்.எஸ்.டி. என்கிற புது வகை டிஸ்க்கின் காலி உறை இன்னும் மேசைமேல் கிடக்கிறது. பிரித்தபோது புது பிளாஸ்டிக் வாசனை வந்தது. பஸ் ஸ்டாண்டு கடையில் பென் டிரைவ் வாங்கிக்கொண்டு நீ என் வீட்டுக்கு வந்தாயே, அன்றைக்கும் இதே வாசனைதான். நீ போய் ஐந்து வருஷம் ஆகிறது. நீ அவளுக்காக எழுதிவைத்த கடிதங்கள் என்ன ஆயின என்பதை, இத்தனை நாள் சொல்லத் தைரியம் இல்லாமல் இருந்துவிட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொல்லிவிட்டேன்.

இப்போது திண்டிவனத்தில் காலேஜ் படிக்கிறாள். போன மாதம் அந்தப் பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"பெரிம்மா, இது ஆன் ஆவறதுக்குள்ள எங்க மிஸ்ஸு ஒரு பாடமே நடத்தி முடிச்சிடறாங்க. கடைக்காரரு ரேமைப் பதினாறு போடணும்னு சொல்றாரு."

"அவரு சொல்லுவாரு. மொதல்ல எது திணறுதுன்னு பாக்கலாம், இரு."

அவள் தினமும் திறக்கிற எல்லாவற்றையும் திறக்கச் சொன்னேன். உள்ளே எவ்வளவு வேலை நடக்கிறது என்று காட்டும் பக்கத்தைப் பார்த்தால், ஹார்ட் டிஸ்க் நூற்றுக்கு நூறில் நின்று திணறிக்கொண்டிருந்தது. மெமரி, கடைக்காரர் சொன்ன அந்த ரேம், நான்கு ஜி.பி.; அதிலும் கொஞ்சம்தான் மிச்சம். அவள் பாடம் படிப்பாள், எழுதுவாள், படம் பார்ப்பாள். அதற்குப் பதினாறு எதற்கு? முதலில் எஸ்.எஸ்.டி., அப்புறம் மெமரியை எட்டாக்கினால் போதும் என்றேன். பின்பக்கத்தைக் கழற்றி, உள்ளே இருந்த மெமரி எந்த வகை, காலி இடம் உண்டா, டிஸ்க் எந்த அளவு என்று என் வீட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன். வகை மாறினால் பொருந்தாது. அவள் சேர்த்து வைத்திருக்கும் பாடமும் படமும் எவ்வளவு என்று கூட்டிப் பார்த்து, அதற்கு இரண்டு பங்கு இடம் இருக்கிற மாதிரி தேர்ந்தெடுத்தேன்.

கூடப் பிறக்காத அக்கா தங்கை நாம் இரண்டு பேரும் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. என் பிள்ளை பெங்களூர் போகும்போது விட்டுப்போன கம்ப்யூட்டரில் தட்டித் தட்டித்தானே தமிழ் எழுதக் கற்றோம். "க்" வரவழைக்க நீ ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டாய்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கேன்சருக்கு ஊசி போட ஆரம்பித்த பிறகு உன் விரல்கள் மரத்துப்போய்ப் பேனா நிற்கவில்லை. "எழுத்துப் பொத்தானைத் தட்ட வருதுக்கா. எங்க வூட்ல ஒக்காந்து எழுதினா ஆளாளுக்கு அழுவறாங்க, இங்க வந்து எழுதிக்கவா?" என்று கேட்டாய். மத்தியானங்களில் வருவாய். அவள் அப்போது எட்டாவது. பெரிய மனுஷி ஆகும்போது, காலேஜ் சேரும்போது, கல்யாணத்துக்கு, பிள்ளை பெறும்போது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதம். "நீ படிக்காதக்கா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாய். காப்பி வைக்க வரும்போதுகூட நான் திரையைப் பார்த்ததில்லை.

அந்த வருஷம் நவராத்திரி சமயத்தில் கம்ப்யூட்டர் டக் டக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. சரஸ்வதி பூஜையன்று காலையில் அதைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, பூ சாத்தி, கீபோர்டுமேல் பட்டுத் துணி போட்டுவிட்டேன். புஸ்தகமோ கருவியோ, பூஜையில் வைத்தால் மறுநாள் காலை எடுக்கிற வரைக்கும் எங்கள் வீட்டில் தொடமாட்டோம். மத்தியானம் நீ பென் டிரைவோடு வந்து நின்றாய்.

"அக்கா, சத்தம் ஜாஸ்தியாயிட்டே இருக்குது. இன்னிக்கே இதுல ஏத்திக் குடுத்துடு."

"பூஜையில வெச்சாச்சேடி. நாளைக்குக் காலையில மொத வேல அதான்."

"ஏன், சரஸ்வதி இன்னா சொல்லுவா? பொண்ணுக்கு லெட்டர் எழுதினா கோச்சுக்குவாளா?"

"வாயக் கழுவு. ஒரு நாளு பொறுக்க மாட்டியா?"

"சரிங்க சாமியாரம்மா. இதையும் உங்க சாமிகிட்டயே வெச்சிடறேன்" என்று சிரித்துக்கொண்டே பென் டிரைவைப் படத்தின் காலடியில் வைத்தாய். சுண்டலை வாங்கிக்கொண்டு மெதுவாகப் படியிறங்கிப் போனாய்.

மறுநாள் புனர்பூஜை முடித்து சுவிட்சைப் போட்டேன். கறுப்புத் திரையில் இரண்டு வரி இங்கிலீஷ். எழுத்துக் கூட்டிப் படித்தேன்; டிஸ்க் கிடைக்கவில்லை என்றிருந்தது. கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மெட்ராஸ் வரைக்கும் பஸ்ஸில் போனேன். அங்கே, டிஸ்க்குக்குள் கீறல் விழுந்துவிட்டது, எடுக்க முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நீ ஒரு வார்த்தை திட்டவில்லை. "வுடுக்கா, என் மனசுல இருக்கிறதுதானே, திருப்பி எழுதிடலாம்" என்றாய். மேல்மலையனூர் அம்மனிடம் உனக்காக வேண்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு நீ ஆஸ்பத்திரிக்குத்தான் போனாய். திருப்பி எழுத உட்காரவே இல்லை.

ஆனால் அதற்கு முன்னமே நீ அவளிடம் சொல்லியிருக்கிறாய், காலேஜ் சேர்ந்ததும் பெரியம்மாவிடம் போய்க் கேள் என்று. அது எனக்கு இந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

அன்று அவள் எதிரிலேயே, பழைய டிஸ்க்கில் இருந்ததை ஏற்றிவைத்த எஸ்.எஸ்.டி.யையும் மெமரியையும் மாட்டினேன். சாமி பாட்டில் முதல் அடி முடிவதற்குள் லேப்டாப் திறந்துகொண்டது. கைதட்டினாள். நான், "இது பழைய டிஸ்க்கு மாதிரி சத்தம் போட்டெல்லாம் சொல்லாதும்மா. போனா சொல்லாமலே போயிடும். முக்கியமானதை வேற எடத்துலயும் ஒண்ணு போட்டு வெச்சிக்கோ" என்று சொல்லிக்கொண்டே திருகாணியை முடுக்கினேன்.

"பெரிம்மா, எடந்தான் நெறைய இருக்குதே. அம்மா எழுதி வெச்சதை இதுல போட்டுக் குடுங்களேன். காலேஜ் சேந்ததும் கேளுன்னு சொல்லிச்சு. கேக்கறதுக்கே பயமா இருந்துது, அதான் இத்தினி நாளு கேக்கல."

ஜன்னலுக்கு வெளியே ராஜகிரி மலை வெயிலில் வெளுத்துப்போய் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம் வந்தது, நீ கேட்டது, நான் மாட்டேன் என்றது. பூஜைமேல் பழியைப் போட எனக்கு மனசு வரவில்லை. சரஸ்வதி ஒன்றும் தடுக்கவில்லை. நான்தான் தடுத்தேன் என்றேன்.

அவள் அழவில்லை. லேப்டாப்பை மூடினாள்.

"ஒண்ணு கூடவா நீங்க படிக்கல?"

"படிக்காதன்னு சொன்னாம்மா."

"ஒண்ணாவது படிச்சிருக்கலாம், பெரிம்மா."

திருப்புளியைத் துடைத்து டப்பாவில் போட்டேன். அவளே, "எழுதும்போது அழுதுச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல. நடுநடுவுல நிறுத்தி யோசிப்பா. ஒரு நாளு தனியா ஒக்காந்து சிரிச்சா. அடுப்படி வரைக்கும் கேட்டுது."

அவள் முகம் சட்டென்று மலர்ந்தது. அப்படியே உன் முகம். "எதுக்கு சிரிச்சுது?"

"நான் கேக்கலம்மா" என்றேன்.

மலர்ந்த முகம் அடங்கியதைப் பார்த்தேன். பையை எடுத்துக்கொண்டு, போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். நீ படிக்காதே என்றுதான் சொன்னாய்; கேட்காதே என்று சொல்லவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, "ஏண்டி சிரிக்கிற?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய். உன் சிரிப்பை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.