நாத்தனார் முடிச்சுக்கு ஆள் தேவை

சேசு மரி சூசை துணை

பாலக்கரை, திருச்சி

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, கல்யாண மாப்பிள்ளையாகிவிட்ட உன் தம்பி ஸ்டீபன், ஏ.சி. பெட்டி மேல் குடித்தனம் வந்திருக்கும் புறாக்கள் எல்லோரும் ஆண்டவர் கிருபையில் சௌக்கியம், டப்ளினில் உன் சௌக்கியத்தையும் உன் ஊர் மழையின் சௌக்கியத்தையும் அறிய ஆவல். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு ஓடிவிடுகிறாய், போனில் பேசலாம் என்றால் உன் அப்பா இருக்கிறார், மாத்திரை போட்டீர்களா என்று கத்தினால் அவருக்குக் கேட்காது, நான் மெதுவாகப் பேசினால் மட்டும் அடுத்த அறையிலிருந்து எல்லாம் கேட்கும். அதனால் பருப்புப் பொடிப் பார்சலில் இதையும் வைக்கிறேன். பெயர் போடாமல் கண்ணு என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பாய். பிரவீன் என்றே இருக்கட்டுமா, வேறு பெயரா என்று யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாய். நிதானமாக யோசி, ஆனால் அம்மா வாயில் நுழைகிற பெயராக இருக்கட்டும்.

போன வாரம் நீ அனுப்பிய செய்திக்குத்தான் இந்தப் பதில். தம்பி கல்யாணத்துக்கு முடியை வெட்டிக்கொண்டு, பேன்ட் சட்டையில் வந்து, கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு மறுநாளே கிளம்பிவிடுவாயாம், அதுவும் எங்களுக்குச் சங்கடம் என்றால் வராமலே இருந்துவிடுவாயாம். படித்ததும் அழுகை வந்தது, பின்னாலேயே கோபம் வந்தது. அதோடு, இதெல்லாம் உங்களுக்குத் திடீரென்று வந்தது போலத் தெரியும், ஆனால் எனக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது என்று விளக்கம் வேறு. கொல்லன் தெருவிலேயே ஊசி விற்கிறாயே கண்ணு. மூன்றாம் வகுப்பில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் உனக்கு இடையன் வேடம், மாதாவாக வந்த பெண்ணின் நீல முக்காட்டையே பார்த்துக்கொண்டு நின்றதில் கையிலிருந்த அட்டை ஆட்டுக்குட்டியைக் குழந்தை இயேசுவின் மேலேயே போட்டாய், நான் பார்க்கவில்லையா? ஆறாம் வகுப்பில் கால் விரல்களுக்கு மட்டும் நெயில் பாலிஷ், ஷூவுக்குள் யார் பார்க்கப்போகிறார்கள் என்ற துணிச்சல், நுனியெல்லாம் ரோஸ் கறையோடு சாக்ஸைத் துவைப்பவள் ஒருத்தி இருக்கிறாள் என்று நினைக்கவே இல்லை. அதற்கப்புறம் வந்தது ஜாக்கெட் கூத்து. என் ஜாக்கெட்டெல்லாம் தோளில் தொளதொளவென்று ஆகிவிட்டதே என்று டெய்லர் சேக் மைதீனிடம் போய்ச் சண்டை போட்டேன், பாவம் அந்த மனுஷன், அக்கா நான் அளவை மாத்தவே இல்லீங்க, நீங்க குடுத்த அளவு ஜாக்கெட் எப்படியோ அப்படித்தான் தச்சிருக்கேன் என்று சத்தியம் செய்தார். அந்த அளவு ஜாக்கெட்டையும் நீ போட்டுப் போட்டு இழுத்து வைத்திருந்தாய் என்பது யாருக்குத் தெரியும், ஒரு வருடம் முழுக்க உன் அளவுக்குத் தைத்த ஜாக்கெட்டுகளை நான் பின் குத்திக்கொண்டு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போனேன்.

ஒரு நாள் தலைவலி என்று சீக்கிரம் வீட்டுக்கு வந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பீரோக் கண்ணாடி முன்னால் என் மெரூன் சேலையில் நின்றுகொண்டிருந்தாய். நான் அதற்கு முன் உன்னை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை, அதனால்தான் உள்ளே வராமல் தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து கேட்டை நன்றாக ஆட்டிச் சத்தம் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவேன், கேட் கொக்கி பழுதென்று அப்பா எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தார். துவாக்குடி காலேஜில் சேர்ந்ததும் விழாவில் நடனம் என்று சேலை கேட்டு வாங்கிப் போனாய், விழா முடிந்து பந்தல் பிரித்து அடுத்த விழாவும் வந்துவிட்டது, சேலை மட்டும் வரவில்லை. டப்ளினில் முதலில் அறைக்குள் மட்டும், பிறகு சனிக்கிழமை நண்பர்களோடு, இப்போது கம்மலும் குர்தாவுமாக ஆபீசுக்கே. ஒவ்வொரு தடவையும் இதோடு நின்றுவிடும், அம்மை மாதிரி வந்து இறங்கிவிடும் என்று நினைத்து மாதாவுக்கு மெழுகுவர்த்திகூட ஏற்றினேன். மாதா கண்டுகொள்ளவில்லை, நான் கேட்டதே தப்பு என்று நினைத்திருப்பாள். இது எங்கே போய் நிற்கும் என்று எனக்கே தெரியவில்லை அம்மா என்கிறாய். தெரியாவிட்டால் போகட்டும், எனக்குக் கணக்கு பிடிக்காது என்பதே நாற்பது வயதுக்குமேல்தான் எனக்குத் தெரிந்தது, அதற்குள் பாதி வாழ்க்கை கணக்கு டீச்சராகவே ஓடிவிட்டது.

பயமே இல்லை என்று சொன்னால் பொய். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, யாராவது ஒரு சொல் சொல்லி நீ முகம் வாடி நிற்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஆனால் நீ யாரோ மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்காருவதைப் பார்க்க அதைவிடத் தெம்பில்லை. போன செவ்வாய்க்கிழமை கல்யாணப் பெண்ணுக்கு வளையல் வாங்க ஸ்ரீரங்கம் போனேன், கோபுரத்துக்குப் பக்கத்துக் கடையில் அவளுக்கு வாங்கிவிட்டு, இருப்பதிலேயே பெரிய அளவில் ஒரு டஜன் பச்சைக் கண்ணாடி வளையலும் கேட்டேன். பொண்ணு கொஞ்சம் பூசினாப்புல இருக்குமாக்கா என்றாள் கடைக்காரி. ஆமாம்மா, அப்படியே அப்பா வாகு என்று சொல்லிவிட்டேன், சொன்னதும் நன்றாகத்தான் இருந்தது.

அந்த அப்பாதான் உனக்குப் பயம். நீ அனுப்பிய சேலைப் போட்டோவைக் காட்டியபோது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சில நாள் கழித்து, நான் பூசைக்குக் கிளம்பும்போது வழக்கம்போலக் கீழே உட்கார்ந்து என் கொசுவத்தை நீவிவிட்டவர், அந்தப் போட்டோவுல அது கட்டுனதுல கொசுவம் ஒரு பக்கமாப் போவுது, பிடிச்சு விட ஆளில்ல போல என்றார். அவ்வளவுதான், மறுபடி வாய்க்குப் பூட்டு.

இந்த ஞாயிற்றுக்கிழமைதான் பூட்டு உடைந்தது. கல்யாணப் பெண் பெலிண்டாவின் அம்மா கல்யாணப் பேச்சுக்காக வந்திருந்தார்கள், உன் அத்தை வியாகுலம்மாளும் இருந்தாள். காப்பி குடித்துக்கொண்டே அந்த அம்மா, உங்களுக்குப் பொண்ணு இல்லையே, நாத்தனார் முடிச்சு யாருங்க போடுவாங்க என்று கேட்டார்கள். தாலியின் கடைசி முடிச்சை மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் பின்னால் நின்று போட வேண்டும் என்பதில் நம் ஆட்கள் எவ்வளவு கறார் என்று உனக்குத் தெரியும். அத்தை நாற்காலி நுனிக்கு வந்து, ஏன், என் மக அனிஷா இருக்காளே என்றாள், நாத்தனாருக்குச் சேலை உண்டு என்பது அவளுக்குத் தெரியாதா என்ன. நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், கூடப்பிறந்தது டப்ளின்லேர்ந்து வருதுல்ல, அது போடும் என்றார். அத்தைக்குப் புரையேறிவிட்டது. பேன்ட் சட்டை போட்ட ஆம்பள எப்படிடா நாத்தனார் முடிச்சு போடுறது, கோயில்ல சிரிக்க மாட்டாங்க என்றாள். அப்பா நிதானமாகப் பேப்பரை மடித்தார். அதுக்குத்தான் பேன்ட் சட்டை போட்டுக்கிட்டு வர வேணாம்னு எழுதச் சொல்லப்போறேன் என்றார்.

அத்தை கேசரியைத் தொடாமல் போனவள்தான், இன்னும் போன் இல்லை. பெலிண்டாவின் அம்மா தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, பெலிண்டா எல்லாம் சொல்லியிருக்குங்க, எனக்குத்தான் சட்டுன்னு தோணல, நாத்தனார் சேலை என்ன கலர்ல எடுக்கட்டும் என்றார்கள். நான் அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன்.

அதனால் தலைக்கு எண்ணெய் வை, முடியில் கத்திரி படக்கூடாது. பீடப் படியில் ஹீல்ஸ் வேண்டாம், விழுந்தால் பெண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுவாய். சேலைக்கு என்ன கலர் என்று சொல், மறக்காமல் உன் அளவு ஜாக்கெட்டைக் கூரியரில் அனுப்பு, என்னுடையதைக் கொடுத்து சேக் மைதீனிடம் மறுபடி மாட்டிக்கொள்ள என்னால் முடியாது. ஆண்டவர் உன்னை உள்ளங்கையில் வைத்துக் காக்கட்டும், மாதா உன் கூடவே விமானத்தில் ஏறட்டும். அனிஷாவிடம் வேண்டாம் என்று அப்பாவே சொல்லிவிட்டார். இனி நீ வராவிட்டால் பெலிண்டா கழுத்தில் ஒரு முடிச்சு குறையும்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா
செல்வமேரி அமிர்தசாமி