மச்சான் செய்த வீடியோ

ஞாயிற்றுக்கிழமை, இரவு.

எழுத வேண்டியவை:
1. ஸ்லைட் ஷோவுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் உள்ள வேறுபாடு.
2. இன்று நான் மச்சானிடம் தோற்றது.
3. அதற்குக் காரணம் மென்பொருள், நான் அல்ல.

மனைவியின் எழுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு ஸ்லைட் ஷோ செய்திருந்தேன். படங்களை ஆண்டு வரிசையில் அடுக்கி, எல்லாவற்றுக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்து, கீழே பெயர்களும் எழுதினேன். அவளுடைய தம்பி பெரியகல்லாற்றிலிருந்து ஒரு வீடியோ கொண்டுவந்தான். பெரிய எடிட்டிங் மென்பொருளில் செய்ததாம். பாட்டும் குரலும் ஊர் வாவிக்கு மேலே ட்ரோன் பறந்து எடுத்த காட்சியும் அதில் இருந்தன. தன் படத்தை இரண்டு இடத்தில் வைத்திருந்ததை நான் மட்டும் கவனித்தேன்.

என்னுடையது ஓடும்போது அவன், "மச்சான், வகுப்பு இடாப்புக் கூப்பிடுறீங்களா? நாங்க 'பிரசன்ட் சேர்' எண்டு சொல்லோணுமோ?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அவனுடையது முடிந்ததும், "தம்பி, இன்னொருக்காப் போடு மனே" என்றாள்.

எங்கள் கலியாணப் படம் இரண்டிலும் இருந்தது. என்னுடையதில் அத்தனை பேரும் அசையாமல் நின்றார்கள். அவனுடையதில் படம் மெல்ல நகர்ந்து அவள் முகத்தில் போய் நின்றது. அங்கேதான் அவள் கண்ணைத் துடைத்தாள்.

அப்படி நகர்த்த எடிட்டிங் மென்பொருள் வேண்டும் என்று நம்பித்தான் மூன்றாவதை எழுதினேன். இப்போது கணினியைத் திறந்து பார்த்தேன். அந்த வசதி என்னுடைய ஸ்லைட் ஷோ மென்பொருளிலும் இருக்கிறது.

மூன்றாவது பிழை. அவள் முகத்துக்கு அருகே போக வேண்டும் என்று எனக்குத்தான் தோன்றவில்லை.