பழைய அளவில் இருவர்

நாள் 212, 07:10
செவ்வாய், வட நிலையம். இதைக் கண்டெடுப்பவர் கவனத்திற்கு: நான் ஞானசிகாமணி, சட்டம் பயின்றவன், இங்குள்ள ஒரே ஆள். குடியேறிகளின் உணவில் ஒவ்வொரு சத்தும் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற பரிந்துரையை, ஆய்வுச் சான்றுகளைக் கொண்டு மறுஆய்வு செய்வது என் பணி. இன்று உயிர்ச்சத்து சி. மாற்றம் தேவையில்லை.

நாள் 219, 16:40
தென் நிலைய மருத்துவர் மெஹருன்னிசாவின் செய்தி:
“சார், பூமிக் கணக்குல இரும்புச்சத்து போட்ட மாவு இங்க ஆகாது. ரத்த அணு சீக்கிரம் உடையுது, இரும்பு ஈரல்லயே தங்கிடுது. ரெண்டு பேர் போயிட்டாங்க. பாதியாக் குறைங்க.”
கதிர்வீச்சும் காரணமாயிருக்கலாம். அடுத்த கப்பலில் நானூறு பேர் வருகின்றனர். தவறாகக் குறைத்தால் அவர்களுக்குச் சோகை வரும். விதி: பழைய அளவில் இருவர், குறைத்த அளவில் இருவர்; ஒப்பிட்ட பின்னரே திருத்தம். அவ்வாறே பதிலளித்தேன்.

நாள் 220, 08:05
மருத்துவரின் பதில்:
“வாய்தா போட்டுக்கிட்டே போக இது கோர்ட் இல்ல சார். தெரிஞ்சே ஒருத்தருக்குப் பழைய மாவு குடுக்க மாட்டேன். நானே சாப்பிடுறேன். ரெண்டாவது ஆள் யாரு? கறுப்பு கோட்டோட நீங்க வர்றீங்களா?”
பழைய மாவில் கஞ்சி காய்ச்சினேன்.

நாள் 391, 11:30
குறைத்த அளவு உண்ட இருவரும் நலம். மருத்துவரின் ஈரல் வீங்கியுள்ளது. நிறுத்திவிடலாம் என்று எழுதினேன்.
“நிறுத்தினா உங்க விதிப்படி மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்ல? கப்பல் காத்திருக்குமா? விடுங்க சார்.”
விதியைப் படித்தேன். மீண்டும் படித்தேன். விலக்கு எதுவும் இல்லை. களைப்பாக இருக்கிறது.

நாள் 436, 09:15
தென் நிலையத்திலிருந்து செவிலியர்:
“சார், டாக்டர் அக்கா நேத்து காலையில போயிட்டாங்க. ஈரல்தான், திறந்து பாத்தாச்சு. ஒரு ஆள் கணக்கு முடிஞ்சுதுன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க.”
ஒருவரின் சான்று. போதாது.

நாள் 4
நாளின் மற்ற இலக்கங்கள் சரியாகத் தெரியவில்லை. விரல்கள் வெண்கல நிறம்; இரும்பு தோலிலும் தங்கிவிட்டது. வயிறு கனக்கிறது. குருதிச் சோதனை முடிவு இணைக்கப்பட்டுள்ளது. வட நிலையம் நிலத்தடியில் உள்ளது. எனவே கதிர்வீச்சு காரணமாகாது. கோட்டு அணிந்திருக்கிறேன். குளிர்.
திருத்தம்: இரும்புச்சத்து பாதியாகக் குறைக்கப்படுகிறது. கப்பலுக்கு அனுப்பினேன்.
கப்பலின் பதில்: “சான்று போதுமானது. பழைய அளவு உண்ட இரண்டாம் நபர் கையொப்பமிட்டவுடன் மாவு மாற்றப்படும்.”
இரண்டாம் நபர் நான். கையொப்பம்:
ஞானசிகா