தறிச் சத்தத்துக்கு வைத்த ட்ரெபிள்

மாப்ள,

மேசைமேல் கிடார் சத்தத்தைப் பெருக்கும் புது ஆம்ப் உட்கார்ந்திருக்கிறது. தெர்மாகோல் வாசனை இன்னும் அறையைவிட்டுப் போகவில்லை. நீ இருந்திருந்தால் நான் பிரிப்பதற்கு முன்பே பிடுங்கிக்கொண்டு போயிருப்பாய்.

கோயில் திருவிழாக் கச்சேரியில் உன் இடத்தில் என்னைக் கிடார் வாசிக்கச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் பழகியாக வேண்டும். ஆனால் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நீ போய்ச் சேர்ந்த பிறகு டி.வி.யில் கிடார் சத்தம் கேட்டாலே உன் மனைவி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுகிறாள். அவளை மறுபடி அழவைத்துவிடுவேனோ என்ற பயத்திலேயே இத்தனை நாளாகக் கம்பியைத் தொடவில்லை.

சேலத்துக் கடையில் இரண்டு ஆம்ப் எடுத்து வைத்தார்கள். பெரியது முழங்கியது; உனக்குப் பிடித்திருக்கும். சின்னது டிஜிட்டல்.

"பல ஆம்போட சத்தம் இதுக்குள்ளாரயே இருக்குதுங்க. ஹெட்போன மாட்டிக்கிட்டா பக்கத்தூட்டுக்கு ஒண்ணுமே கேக்காதுங்க" என்றார் கடைக்காரர். அந்த ஒரு வார்த்தைக்காகவே சின்னதை வாங்கி, ராசிபுரம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் ஹெட்போனை மாட்டியதும் கை தானாக, கீச்சென்ற ஒலியைக் கூட்டும் அந்த ட்ரெபிள் திருகை முழுக்க ஏற்றிவிட்டது. உன் பழக்கம். விசைத்தறி ஓடும் வீட்டில் வாசித்து வாசித்து நீ அப்படித்தான் வைப்பாய். "தறிச் சத்தத்த மீறிக் கேக்க வேண்டாமா மாப்ள?" என்பாய். அதே செட்டிங்கோடு மேடையும் ஏறுவாய். மைக்செட்காரர் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வருவார். எவ்வளவு திட்டு வாங்கினாலும் திருந்தவில்லை நீ. ஹெட்போனில் அந்தச் சத்தம் வந்ததும் குறைக்காமல் அப்படியே விட்டுவிட்டேன்.

இன்று மத்தியானம் உன் வீட்டுத் தறி நின்றது. கொஞ்ச நேரத்தில் வாசலில் அவள். ஆம்பை மறைக்கக்கூட நேரமில்லை.

"ஏனுங்ண்ணா, புதுசு வாங்கியாந்தீங்களாமா? சத்தத்தையே காணோம்?"

"ஹெட்போன்ல வாசிக்கறேன் அம்மிணி."

"எனக்காகத்தானுங்களே? அதக் கழட்டுங்க."

கழற்றினேன். கிடாரை எடுத்ததும் நீ முதலில் வாசிக்கும் அந்தத் துண்டை வாசித்தேன். அவள் முகம் மாறியது. பாதியில் நிறுத்திவிட்டேன்.

"இதா அவரு வாசிச்சது? இப்பிடிக் கீறுதுங்களே. எனக்கு ஒருநாளும் இப்பிடிக் கேட்டதில்லீங்ண்ணா."

எப்படிக் கேட்டிருக்கும்? தறி இரைச்சலுக்கு நடுவே நின்றுகொண்டே நீ வாசிப்பதைக் கேட்டவள் அவள். ட்ரெபிளைக் குறைக்கக் கையை நீட்டினேன்.

"அதத் தொடாதீங்க. நான் போயித் தறியப் போடறேன். அப்பறம் வாசிங்க."

சுவர் அதிர ஆரம்பித்தது. வாசித்தேன். அழுகிறாளோ, தறியை விட்டுப் போய்விடுவாளோ என்று ஒரு காது அங்கேயே இருந்தது. கடைசிவரை தறி நிற்கவில்லை. நானும் நிறுத்தவில்லை.

ஹெட்போனை அட்டைப்பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். மேடையில் குறைத்துக்கொள்கிறேன் மாப்ள. வீட்டில் உன் செட்டிங்தான்.