முள்ளம்பன்றிப் பாட்டு

மார்க்கையன்கோட்டை,
12.6.2025

அன்புள்ள தம்பி கர்ணனுக்கு, மதினி முனீஸ்வரி எழுதுவது.

நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருக்க வேண்டும். ஒன்பது வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் பதறியிருப்பீர்கள். உங்கள் அண்ணன் உயிரோடு இருக்கிறார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் புனே விலாசத்தை உங்கள் கூட்டாளி பொன்னுராஜிடம் வாங்கினேன். போன் நம்பரும் தருகிறேன் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். என் குரலைக் கேட்டதும் நீங்கள் வைத்துவிட்டால் மறுபடி கூப்பிட எனக்குத் தைரியம் வராது. கடிதம் என்றால், நீங்கள் கிழித்துப் போட்டாலும் எனக்குத் தெரியப் போவதில்லை.

மாசி மாதம் வாழைத் தோப்பில் நின்றுகொண்டிருந்தபோதே உங்கள் அண்ணனுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மூளையில் ரத்தம் கட்டிக்கொண்டதாம். மதுரையில் பதினெட்டு நாள் வைத்திருந்தோம். இப்போது கம்பு ஊன்றி வாசல்வரை நடக்கிறார். இடது கையால் சாப்பிடுகிறார். பேச்சுத்தான் வரவில்லை. நாம் சொல்வது எல்லாம் புரிகிறது. பதிலுக்கு வாயைத் திறந்தால் 'அது, அது' என்று மட்டும் வருகிறது. தண்ணீரும் அதுதான், நானும் அதுதான், எங்கள் ஜோதிகாவும் அதுதான். ஒரு நாள் எரிச்சலில் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார். பிறகு அவரே உட்கார்ந்து ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கினார். நான் தடுக்கவில்லை.

நீங்கள் கல்யாணம் முடித்து வந்து நின்ற அன்று, "இனி ஒம்பேச்சு எனக்கு வேணாம், எம்பேச்சும் ஒனக்கில்ல" என்று இதே வாசலில் அவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. உங்களுக்கும் மறந்திருக்காது. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

தோட்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள், நாற்றுப் பாவியாயிற்று. ஜோதிகா பன்னிரண்டாவது படிக்கிறாள்.

இனி விஷயம். போன மாதத்திலிருந்து உங்கள் அண்ணன் ஒரு மெட்டை முனகுகிறார். வார்த்தை இல்லை, ராகம் மட்டும். துள்ளித் துள்ளிப் போகும், கடைசியில் படக்கென்று நின்றுவிடும். சினிமாப் பாட்டு இல்லை, சாமிப் பாட்டும் இல்லை. நான் ஜெயமங்கலத்துக்காரி, கேட்டதே இல்லை. தேனியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், சிம்ரன் என்று பெயர், அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பேச்சு போனவர்களுக்கும் சின்ன வயதில் பாடிய பாட்டு சில சமயம் வார்த்தையோடு திரும்பி வருமாம். "வார்த்தைய மட்டும் கண்டுபிடிச்சுக் கொண்டாங்கக்கா" என்றாள்.

பொன்னுராஜிடம் முனகிக் காட்டினேன். "அது முள்ளம்பன்றிப் படம்ல மதினி. ஞாயித்துக்கெழமை காலைல டிவில வரும்" என்றார். சைக்கிள் ஓட்டுகிற முள்ளம்பன்றி ஒன்று, வாராவாரம் பலூன் வாங்கப் போகுமாம். வீட்டுக்கு வருவதற்குள் அதன் முதுகு முள்ளே குத்திப் பலூன் வெடித்துவிடுமாம். தெருவே வேலுச்சாமி மாமா வீட்டில் கூடிப் பார்க்குமாம். படத்தின் பெயர் அவருக்கு நினைவில்லை. ஜோதிகா போனில் தேடித் தேடி, அரை நிமிஷத் துண்டு ஒன்றைப் பிடித்தாள். இந்தியில் பாடினார்கள். உங்கள் அண்ணன் முள்ளம்பன்றியைப் பார்த்துச் சிரித்தார். பாட்டோடு வாய் மட்டும் சேரவில்லை.

அதற்கும் பொன்னுராஜ்தான் காரணம் சொன்னார். அந்த இந்தி யாருக்கும் புரியாததால், அண்ணன் தம்பி நீங்கள் இருவரும் அந்த மெட்டுக்குச் சொந்தமாகத் தமிழில் வார்த்தை போட்டு, ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும்போது பாடுவீர்களாம். வேறு யாருக்கும் சொல்லித்தர மாட்டீர்களாம்.

அந்த வார்த்தைகள் இப்போது உங்களிடம் மட்டும்தான் இருக்கின்றன, தம்பி. அவற்றை மட்டும் எழுதி அனுப்புங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

உங்கள் மதினி,
முனீஸ்வரி


மார்க்கையன்கோட்டை,
16.7.2025

அன்புள்ள தம்பி கர்ணனுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. பாட்டில் இரண்டு வரி எழுதி, 'மிச்சம் எனக்கு ஞாபகம் இல்லை மதினி' என்று முடித்திருந்தீர்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். ஆனாலும் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன்.

நேற்றுத் தேனிக்குப் போனோம். சிம்ரன் உங்கள் அண்ணனின் இடது கையை மேசைமேல் வைத்துத் தாளம் தட்ட வைத்தாள். என்னைப் பாடச் சொன்னாள். எனக்குப் பாட வராது, வெட்கமாகவும் இருந்தது. பாடினேன்.

டிங்கு டிங்கு முள்ளுவண்டி
தேனிக்குப் போற செல்லவண்டி

முதல் தடவை என்னையே பார்த்தார். இரண்டாம் தடவை உதடு அசைந்தது. மூன்றாம் தடவை என் குரலோடு அவர் குரலும் சேர்ந்து வந்தது. 'வண்டி' என்று தெளிவாகச் சொன்னார், தம்பி. ஐந்து மாதத்தில் முதல் வார்த்தை. தாளில் இருந்தது முடிந்ததும் நான் நிறுத்திவிட்டேன். அவர் நிறுத்தவில்லை.

கர்ணா ஏறிக்க பின்னால
பலூன் வெடிச்சா என்னால

சிம்ரன் அவர் பக்கம் குனிந்தாள். கர்ணன் யார் என்று கேட்டாள். அவர் சொல்ல வாயெடுத்தார். 'அது, அது' என்றுதான் வந்தது. தலையை ஆட்டிக்கொண்டார். பேசினால் வராது என்று தெரிந்து, அந்த இரண்டு வரியை மறுபடி பாடினார். பஸ்ஸிலும் பாடினார். சீலையம்பட்டி தாண்டும்வரை விடவில்லை. ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நானும் கூடப் பாடினேன்.

சாயங்காலம் பொன்னுராஜ் வந்தார். முதல் இரண்டு வரி நீங்கள் போட்டது, பின் இரண்டும் அண்ணன் போட்டது என்று சொன்னார். "கர்ணனுக்கு மறந்திருக்கும்னு நம்புறீகளா மதினி?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். நீங்கள் எழுதியதை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் அண்ணன் அன்று பேசியதற்காக நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். அது அவர் கேட்க வேண்டியது. என் பங்கை மட்டும் சொல்கிறேன். அன்று உங்கள் பக்கத்தில் சுபாஸ்ரீ புதுப்பெண்ணாக வெயிலில் நின்றிருந்தாள். அவளுக்குக் கொடுக்க ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நடைவரை வந்தேன். அவர் சத்தத்தைக் கேட்டு அங்கேயே நின்றுவிட்டேன். நீங்கள் இருவரும் பஸ் ஏறிய பிறகும் செம்பு கையில்தான் இருந்தது. அதற்காக என்னை மன்னிக்கும்படி அவளிடம் சொல்லுங்கள்.

வீட்டு ஆட்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, தினம் ஒரு பெயரை மெட்டோடு சொல்லிப் பழக்கச் சொல்லியிருக்கிறாள் சிம்ரன். இன்று காலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். என் பெயர், ஜோதிகா, உங்கள் பெயர், அதற்குக் கீழே சுபாஸ்ரீ. அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எழுதி முடித்துப் பேனாவை மூடினேன். என் கையைப் பிடித்து நிறுத்தி, சுபாஸ்ரீ பெயருக்குக் கீழே இருந்த காலி இடத்தில் விரலை வைத்துத் தட்டினார். எனக்கு முதலில் புரியவில்லை. திரும்பத் திரும்பத் தட்டினார்.

உங்களுக்கு ஒரு பிள்ளை இருப்பதாகப் பொன்னுராஜ் அவரிடமும் சொல்லியிருக்கிறார். ஆணா பெண்ணா என்றுகூட நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை.

மூன்று பேரும் நூறு வயது நன்றாக இருங்கள். பிள்ளையின் பெயரை மட்டும் எழுதுங்கள் தம்பி. எவ்வளவு நீளமான பெயராக இருந்தாலும் சரி, சொல்லிப் பழகிவிடுவார்.

என்றும் உங்கள் மதினி,
முனீஸ்வரி